பிடிக்க முடியாதவர்கள் மீது வழக்கு

2014 மே 19 அன்று அமெரிக்க நீதித் துறை ஒரு குற்றப்பத்திரிகையை வெளியிட்டது. சீன மக்கள் விடுதலைப் படையின் 61398-ஆம் பிரிவைச் சேர்ந்த ஐந்து அதிகாரிகள் மீது மொத்தம் 31 குற்றச்சாட்டுகள். இன்னொரு நாட்டின் அரசு ஊழியர்கள் மீது, அவர்கள் அரசுப் பணியாகவே செய்த இணைய ஊடுருவலுக்காக அமெரிக்கா பகிரங்கமாக வழக்குத் தொடுத்தது அதுவே முதல் முறை.

வழக்கு பதிவானது வாஷிங்டனில் அல்ல. பென்சில்வேனியாவின் எஃகு நகரமான பிட்ஸ்பர்க்கில். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரையும் அந்தத் தொழிலையும் சேர்ந்தவர்கள்: யு.எஸ். ஸ்டீல், அல்கோவா, அலெகெனி டெக்னாலஜீஸ், அணு உலை கட்டும் வெஸ்டிங்ஹவுஸ், எஃகுத் தொழிலாளர் சங்கம். இவற்றோடு சூரிய ஒளித் தகடு செய்யும் சோலார்வேர்ல்டின் அமெரிக்கக் கிளை. வெஸ்டிங்ஹவுஸ் சீனாவில் நான்கு உலைகளைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், அதன் கணினிகளிலிருந்து உலைக்குள் குழாய்கள் எப்படிப் போகின்றன, அவற்றை எவை தாங்கி நிற்கின்றன என்ற வடிவமைப்பு விவரங்கள் எடுக்கப்பட்டன. சீனத் தகடுகள் அடிமாட்டு விலைக்கு இறக்குமதியாகின்றன என்று சோலார்வேர்ல்டு வழக்காடிக்கொண்டிருந்தபோது, அதன் உற்பத்திச் செலவுக் கணக்கும் வழக்கறிஞர்களோடு அது பேசியவையும் களவு போயின. தொழிற்சங்கத்தின் மின்னஞ்சல்களையும் விட்டுவைக்கவில்லை.

குற்றப்பத்திரிகையின் இணைப்புகளில், ஊடுருவலுக்குப் பயன்பட்ட இணையக் கணக்குகள் எந்தெந்த மணிக்கு இயங்கின என்று காட்டும் வரைபடம் இருந்தது. ஷாங்காய் நேரப்படி காலையில் கோடு ஏறுகிறது. மதிய உணவு வேளையில் இறங்குகிறது. மறுபடி ஏறி, மாலையில் அலுவலகம் கலையும் நேரத்தில் தணிகிறது. திருட்டு என்றால் நமக்கு நள்ளிரவு நினைவுக்கு வரும். இவர்களோ வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். அரசின் சம்பளத்தில், அரசின் கட்டடத்தில், அரசின் உத்தரவுப்படி நடந்த வேலை இது. இந்தக் கட்டுரை எழுப்பும் கேள்வியின் முழுச் சிக்கலும் அந்த ஒரு வரைபடத்தில் அடங்கியிருக்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் மீது வழக்குப் போட்டால், சம்பளம் கொடுப்பவர் அஞ்சுவாரா?

அந்த ஐவரில் ஒருவர்கூட இதுவரை அமெரிக்க நீதிமன்றப் படி ஏறவில்லை.

சீனா குற்றச்சாட்டைப் புனைவு என்று மறுத்தது. இணையப் பாதுகாப்பு குறித்து இரு நாடுகளும் சேர்ந்து அமைத்திருந்த பணிக்குழுவிலிருந்து விலகியும் கொண்டது. ஆனால் 16 மாதம் கழித்து, 2015 செப்டம்பர் 25 அன்று, ஷி ஜின்பிங் வெள்ளை மாளிகையில் ஒபாமாவின் பக்கத்தில் நின்றுகொண்டு ஓர் உடன்பாட்டை அறிவித்தார். தம் நாட்டு நிறுவனங்களுக்கு வணிக லாபம் தேடித்தருவதற்காக மற்ற நாட்டின் தொழில் ரகசியங்களை இணையம் வழியே திருடுவதை இரு அரசுகளும் செய்யாது, தெரிந்தே ஆதரிக்கவும் செய்யாது என்பது அதன் சாரம். குற்றப்பத்திரிகை பலன் தரும் என்று வாதிடுவோர் இன்றுவரை பற்றிக்கொண்டிருப்பது இந்த உடன்பாட்டைத்தான். அன்று நீதித் துறையின் தேசியப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைமை வகித்த ஜான் கார்லின் பின்னர் எழுதிய நூலிலும் இதே வாதத்தை விரிவாக வைத்தார்.

அந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனம், சீனாவோடு தொடர்புடையவை என்று தான் கருதிய 72 குழுக்களின் நடமாட்டத்தை ஆராய்ந்து 2016 ஜூனில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஊடுருவல்களின் எண்ணிக்கை உண்மையிலேயே பெருமளவு குறைந்திருந்தது. ஆனால் சரிவு தொடங்கியது உடன்பாட்டுக்குப் பிறகு அல்ல, 2014-இன் நடுப்பகுதியிலேயே என்றது அந்த அறிக்கை. அதாவது குற்றப்பத்திரிகை வெளியான காலத்தை ஒட்டி.

அப்படியானால் பலித்துவிட்டதா? அதே காலத்தில் வேறு என்னவெல்லாம் நடந்தன என்று பார்த்தால் இந்த முடிவு ஆட்டம் காண்கிறது. ஷி ஜின்பிங் படைக்குள் ஊழல் ஒழிப்பு நடவடிக்கையைத் தீவிரமாக்கியிருந்த காலம் அது. படையின் இணையப் பிரிவுகளைக் கலைத்து ஒரே தலைமையின்கீழ் கொண்டுவரும் சீரமைப்பு 2015 இறுதியில் நடந்தேறியது. மறுபுறம், இணையத் திருட்டில் ஆதாயம் அடையும் நிறுவனங்களின் சொத்துகளை முடக்கும் அதிகாரத்தை 2015 ஏப்ரலில் ஒபாமா தன் கையில் எடுத்துக்கொண்டார். ஷியின் பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பு, சீன நிறுவனங்கள்மீது பொருளாதாரத் தடை வரப்போகிறது என்ற செய்தி அமெரிக்க நாளேடுகளில் கசிந்தது. உடனே சீன உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் மூத்த தலைவர் மங் ஜியன்ஜூ ஒரு குழுவோடு வாஷிங்டனுக்கு விரைந்தார். ஐந்து அதிகாரிகள் வெளிநாட்டுச் சுற்றுலாவை இழப்பது பெய்ஜிங்கை உறுத்தியிருக்காது. சீன அரசு நிறுவனங்கள் டாலர் வணிகத்தை இழப்பதும், அதிபரின் அரசுமுறைப் பயணம் அவமானத்தில் முடிவதும் உறுத்தியிருக்கும். வழக்கு கதவைத் தட்டியது. திறக்க வைத்தது தடை குறித்த அச்சம் என்பதே என் கணிப்பு.

திறந்த கதவும் அதிக நாள் திறந்திருக்கவில்லை. 2017 நவம்பரில் குவாங்ஜோ நகரின் போயூசெக் நிறுவனத்தைச் சேர்ந்த மூவர் மீதும், 2018 டிசம்பரில் தியன்ஜின் நகர உளவுத்துறைக் கிளையோடு இணைந்து இயங்கியதாக இருவர் மீதும் புதிய வழக்குகள் வந்தன. இரண்டாவது வழக்கில் சொல்லப்பட்ட தந்திரம் அச்சமூட்டுவது. பல நூறு நிறுவனங்களின் கணினிகளை வெளியிலிருந்து பராமரித்துத் தரும் சேவை நிறுவனங்களுக்குள் முதலில் நுழைந்து, அங்கிருந்து வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் வீட்டுக்குள்ளும் இறங்குவது. உடன்பாட்டின் எல்லையைச் சீனா எப்போதோ தாண்டிவிட்டது என்று அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் ராப் ஜாய்ஸ் 2018 நவம்பரில் வெளிப்படையாகவே சொன்னார். படைச் சீருடை அணிந்தவர்கள் செய்த வேலையை உளவுத்துறையும், அது அமர்த்திய ஒப்பந்த நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. கள்வர்கள் மாறினார்கள், கைத்திறனும் கூடியது.

தண்டனை எப்போது ஒருவரைத் தடுக்கிறது என்பதில் குற்றவியல் அறிஞர்களிடையே ஓரளவு ஒருமித்த கருத்து உண்டு. இத்தாலியின் செசாரே பெக்காரியா 1764-இலேயே சொன்னது அது: குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கடுமை அல்ல, அது தப்பாமல் வரும் என்ற நிச்சயம். நம் காலத்தில் டேனியல் நேகின் போன்றோர் செய்த ஆய்வுகளும் அதையே உறுதிசெய்கின்றன. பத்தாண்டுத் தண்டனையை இருபதாக்குவதால் பெரிய மாற்றம் இல்லை; மாட்டிக்கொள்வோம் என்ற எண்ணம்தான் கையைக் கட்டுகிறது. அரசு ஏவும் ஹேக்கரின் விஷயத்தில் அந்த நிச்சயம் ஏறக்குறைய பூஜ்யம். சீனாவோடும் ரஷ்யாவோடும் ஈரானோடும் வட கொரியாவோடும் அமெரிக்காவுக்குக் குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தம் கிடையாது. ரஷ்ய அரசியல் சட்டமோ தன் குடிமகனை வேறு நாட்டிடம் ஒப்படைப்பதையே தடுக்கிறது.

இதைவிட அடிப்படையான கோளாறு ஒன்று இருக்கிறது. சாதாரணக் குற்றத்தில் முடிவெடுப்பவரும் தண்டனைக்கு ஆளாகக்கூடியவரும் ஒருவரே. அஞ்சினால் அவரே நிறுத்திக்கொள்வார். இங்கே முடிவெடுப்பது தளபதியும் அமைச்சரும் அதிபரும். குற்றப்பத்திரிகையில் இருப்பது லெப்டினன்ட், மென்பொருள் எழுதுபவர், மின்னஞ்சல் தயாரிப்பவர். அஞ்ச வேண்டியவர் அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருப்பவர் அஞ்சினாலும் வேலையை நிறுத்தும் அதிகாரம் அவரிடம் இல்லை.

நடக்காத ஊடுருவலை எண்ண முடியாது, ஆகவே தடுப்பாற்றலை அளக்கவே முடியாது என்று ஒரு மறுப்பு எழலாம். நியாயமானதுதான். ஆனால் வழக்குக்கு ஆளான அதே ஆளும் அதே பிரிவும் பின்னர் என்ன செய்தன என்று பார்க்க முடியும். அந்தச் சோதனையில் ரஷ்யாவின் கதை மிகத் தெளிவானது.

2018 ஜூலையில், அமெரிக்க அதிபர் தேர்தலில் தலையிட்டதாக ரஷ்ய ராணுவ உளவுத்துறையான ஜிஆர்யூவின் 12 அதிகாரிகள் மீது சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் முல்லர் வழக்குத் தொடுத்தார். 26165, 74455 என்ற இரண்டு பிரிவுகள் பெயர் சொல்லிக் காட்டப்பட்டன. 2020 அக்டோபரில் 74455-ஆம் பிரிவின் ஆறு பேர் மீது, மறுபடி பிட்ஸ்பர்க்கிலேயே, இன்னொரு வழக்கு. உக்ரைனின் மின்கட்டமைப்பை 2015-இலும் 2016-இலும் இருட்டாக்கியது, தென் கொரியாவின் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவைக் குலைத்தது, 2017-இல் நாட்பெட்யா என்ற மால்வேரை ஏவியது எல்லாம் இவர்கள் வேலை என்றது அது. நாட்பெட்யாவால் உலகுக்கு ஏற்பட்ட இழப்பு 1,000 கோடி டாலர் என்று வெள்ளை மாளிகை மதிப்பிட்டது. மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மேர்ஸ்க் குழுமம் நடத்தும் முனையமும் அதில் முடங்கியது. பென்சில்வேனியாவில் மருத்துவமனைகளை நடத்தும் ஹெரிட்டேஜ் வேலி என்ற அமைப்பின் கணினிகளும் அழிந்தன. அந்த ஆறு பேரில் ஒருவரான அனடோலி கோவலேவ், 2018 பட்டியலிலும் இருந்தவர்.

அதன்பின் அந்தப் பிரிவு ஓய்ந்ததா? 2022 ஏப்ரலில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, உக்ரைனின் மின்நிலையங்களைக் குறிவைத்து இன்டஸ்ட்ராயர்-2 என்ற புதிய மால்வேர் இறக்கப்பட்டது. உக்ரைன் அதிகாரிகளும் ஈசெட் நிறுவனமும் அதைச் சாண்ட்வோர்ம் என்ற குழுவின் கைவேலை என்று கண்டறிந்தனர். சாண்ட்வோர்ம் என்பது 74455-க்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர்.

இவான் யெர்மகோவின் கதை இன்னும் விசித்திரமானது. 2018 ஜூலை வழக்கில் அவர் பெயர் இருக்கிறது. ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புகளை ஹேக் செய்ததாக அதே ஆண்டு அக்டோபரில் வந்த வழக்கிலும் இருக்கிறது. மூன்றாவதாக, மாஸ்கோவின் எம்-13 என்ற தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து, அமெரிக்க நிறுவனங்களின் லாபநட்டக் கணக்குகளை வெளியாகும் முன்பே திருடிப் பங்குச் சந்தையில் பணம் பண்ணியதாக ஒரு வழக்கு. கிட்டத்தட்ட 9.3 கோடி டாலர் ஆதாயம், 2020 வரை நீண்ட திட்டம் என்கிறது குற்றப்பத்திரிகை. இரண்டு முறை உலகம் முழுக்கப் பெயர் அறிவிக்கப்பட்ட பிறகும் அந்தத் திட்டம் நிற்கவில்லை.

ஈரானைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2018 மார்ச்சில், 144 அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் 21 நாடுகளின் 176 பல்கலைக்கழகங்களிலும் புகுந்து 31 டெராபைட் ஆய்வுத் தரவைத் திருடியதாக மப்னா என்ற நிறுவனத்தோடு தொடர்புடைய ஒன்பது பேர் மீது வழக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டிலேயே அதே பாணியில், 14 நாடுகளின் 76 பல்கலைக்கழகங்களுடைய போலி நுழைவுப் பக்கங்கள் இணையத்தில் இருப்பதை செக்யூர்வொர்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. வழக்குக்கும் இந்தக் கண்டுபிடிப்புக்கும் நடுவே ஏறத்தாழ ஐந்து மாதமே கழிந்திருந்தது.

வட கொரியாவுக்கு இழக்க ஏதுமில்லை. 2018 செப்டம்பரில் பார்க் ஜின் ஹ்யோக் என்பவர் மீது அமெரிக்கா வெளியிட்ட 179 பக்கப் பிரமாணப் பத்திரம், இந்த வகை ஆவணங்களிலேயே செறிவானது. சோனி பிக்சர்ஸ், பங்களாதேஷ் மத்திய வங்கி, வான்னாக்ரை மால்வேர் என்று தனித்தனியாகத் தெரிந்த மூன்று தாக்குதல்களை ஒரே கையோடு இணைத்தது அது. வங்கிக் கொள்ளையில் ஏறத்தாழ 95 கோடி டாலரை எடுக்க முயன்று 8.1 கோடியை எடுத்தார்கள். 2 கோடி டாலர் இலங்கை வங்கி ஒன்று வரை வந்து, பணம் பெறும் அமைப்பின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் சிக்கித் திரும்பியது. அப்படி ஓர் ஆளே இல்லை என்றது வட கொரியா. பார்க்கோடு இன்னும் இருவர் பெயரையும் சேர்த்து 2021 பிப்ரவரியில் வந்த அடுத்த வழக்கு, 130 கோடி டாலருக்கு மேல் திருடவும் பறிக்கவும் முயன்றதாகச் சொன்னது. 2022-இல் ரோனின் கிரிப்டோ வலையமைப்பிலிருந்து 62 கோடி டாலர் போனது. 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ சந்தையிலிருந்து ஒரே வீச்சில் 150 கோடி டாலர். இரண்டையும் செய்தது வட கொரியாதான் என்று எஃப்பிஐ அறிவித்தது. பொருளாதாரத் தடைகளால் ஏற்கெனவே கட்டுண்ட நாட்டுக்கு இந்தப் பணமே வாழ்வாதாரம். அதன் முன் ஒரு காகிதம் என்ன செய்யும்?

இவ்வளவையும் வைத்து, குற்றப்பத்திரிகை வெறும் காகிதம் என்று முடித்துவிடலாமா? அது அவசரம். அரசை அசைக்காத அதே வழக்கு, தனிமனிதர் சிலரை நன்றாகவே பிடித்திருக்கிறது.

யாஹூவிலிருந்து குறைந்தது 50 கோடிக் கணக்குகள் திருடப்பட்ட வழக்கில் நான்கு பேர் மீது 2017-இல் குற்றம் சாட்டப்பட்டது. இருவர் ரஷ்யாவின் உளவு அமைப்பான எஃப்எஸ்பியின் அதிகாரிகள். மூன்றாமவர் அலெக்ஸி பெலான். நான்காமவர் கரீம் பரடோவ், கனடாவில் வசித்த 22 வயது இளைஞர். காசு வாங்கிக்கொண்டு யாருடைய மின்னஞ்சலையும் உடைத்துத் தருவது அவர் தொழில். எஃப்எஸ்பி அவருக்கு இன்னொரு வாடிக்கையாளர். கனடாவில் இருந்ததால் உடனே கைதானார், ஐந்தாண்டுச் சிறை கிடைத்தது. அதேபோல, போயிங்கின் சி-17 விமானத் தகவல்களில் எவற்றைத் திருடலாம் என்று சீனாவில் இருந்த ஹேக்கர்களுக்கு வழிகாட்டிய சூ பின் என்ற தொழிலதிபர் கனடாவில் 2014-இல் பிடிபட்டு, அமெரிக்கச் சிறையில் 46 மாதத் தண்டனை பெற்றார். 2025 ஜூலையில் மிலான் விமான நிலையத்தில் இறங்கிய ஒரு சீனர், மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களையும் கோவிட் ஆய்வுகளையும் குறிவைத்த ஊடுருவல்களில் பங்கேற்றதாகக் கைதானார். அதைச் செய்தவர் தாம் அல்ல என்பது அவர் தரப்பு வாதம்.

இவர்களுக்குள் ஓர் ஒற்றுமை தெரிகிறது. இவர்கள் அரசின் சீருடைக்காரர்கள் அல்லர். வெளிநாட்டில் வாழ்வோ வணிகமோ விடுமுறையோ உள்ளவர்கள். இழக்க ஏதோ இருக்கிறது. இப்படிப்பட்டவரைத்தான் வழக்கு தொடும். சீனா ஒப்பந்த நிறுவனங்களை நம்பி இயங்கத் தொடங்கிய பிறகு இந்த வகையினர் பெருகியிருக்கிறார்கள் என்பதால், வழக்கின் கூர்மையும் இங்கே சற்றுக் கூடியிருக்கக்கூடும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று: மிலானில் கைதானவர் மீதான குற்றச்சாட்டு 2023-இலேயே பதிவாகி, கைதாகும் வரை முத்திரையிட்டு ரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. எம்-13 நிறுவனத்தின் உரிமையாளர் 2021-இல் சுவிட்சர்லாந்துக்குப் பனிச்சறுக்கு விடுமுறைக்கு வந்து இறங்கியபோது பிடிபட்டதும் இப்படித்தான். அறிவித்த வழக்கு, இந்த நாட்டுப் பக்கம் வராதே என்று குற்றவாளிக்கே எச்சரிக்கை கொடுத்துவிடுகிறது. ரகசிய வழக்கு பிடித்துத் தருகிறது. ஆகவே அமெரிக்கா ஒரு குற்றப்பத்திரிகையை ஊரறிய வெளியிடும்போதே, கைதுசெய்யும் வாய்ப்பைப் பெருமளவு கைவிட்டுவிட்டு வேறொன்றைத் தேர்ந்துகொள்கிறது. தடுப்பு நடவடிக்கை என்று அதற்குப் பெயர் வைப்பது பொருந்தாது.

பிடித்த பிறகும் கதை முடிவதில்லை. ஜிஇ ஏவியேஷனின் விமான இயந்திர ரகசியங்களைப் பெற முயன்ற சீன உளவு அதிகாரி ஷூ யான்ஜுன், பெல்ஜியத்துக்கு வரவழைக்கப்பட்டு 2018-இல் கைதாகி, 20 ஆண்டுத் தண்டனை பெற்றார். அவர் வழக்கு ஹேக்கிங்கைவிட ஆள்வழி உளவையே சார்ந்தது என்றாலும் ஏவியது முன்பு சொன்ன அதே சீன உளவுத்துறைதான். 2024 நவம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில் அவர் சீனா திரும்பினார். எம்-13 உரிமையாளரும் அதே ஆண்டு ஆகஸ்டில் ரஷ்யாவுடனான பெரும் பரிமாற்றத்தில் விடுதலையானார். என்ன நடந்தாலும் மீட்டுக்கொண்டு வருவோம் என்று தன் ஆட்களுக்குச் சொல்ல அந்த அரசுகளுக்கு இப்போது சான்று கிடைத்திருக்கிறது.

பெலானின் கதை எனக்கு மிகவும் கவலை தருவது. அவர் மீது 2012-இலும் 2013-இலும் அமெரிக்காவில் வழக்குகள் இருந்தன. 2013-இல் ஐரோப்பாவில் பிடிபட்டு, ஒப்படைக்கப்படும் முன் தப்பி ரஷ்யாவுக்குள் ஓடினார். இன்டர்போல் தேடிக்கொண்டிருந்த அந்த ஆளை எஃப்எஸ்பி கைதுசெய்யவில்லை. வேலைக்கு வைத்துக்கொண்டது என்கிறது யாஹூ வழக்கின் குற்றப்பத்திரிகை. நாட்டைவிட்டு வெளியே போக முடியாத திறமைசாலி, உளவுத்துறைக்குத் தானாக வந்து விழுந்த சொத்து. கூண்டின் கதவை அமெரிக்காவே வெளியிலிருந்து பூட்டிக்கொடுத்தது போலாயிற்று. சில ஹேக்கர்களை வழக்கு தடுக்கிறது என்றால், சிலரைத் தம் அரசிடம் நிரந்தரமாகக் கட்டிப்போடவும் செய்கிறது. தடுப்பாற்றலைக் கணக்கிடுவோர் இந்தச் செலவை எழுத மறந்துவிடுகிறார்கள்.

ஒருவரைத் தடுக்க வேண்டுமென்றால் எல்லைக்கோடும் தெளிவாக இருக்க வேண்டும். 2014-இல் அமெரிக்கா வரைந்த கோடு இது: நாட்டின் பாதுகாப்புக்காக உளவு பார்ப்பது எல்லா அரசும் செய்வது, தனியார் நிறுவனத்தின் லாபத்துக்காகத் திருடுவது குற்றம். ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்களின்படி அமெரிக்காவே ஹுவாவெய் நிறுவனத்தின் சர்வர்களுக்குள் புகுந்திருந்தது என்ற செய்தி, முதல் குற்றப்பத்திரிகைக்கு இரண்டே மாதம் முன்பு வந்திருந்ததால், அந்த வேறுபாட்டை வெளியுலகம் அப்போதே ஐயத்தோடுதான் பார்த்தது. அமெரிக்க அரசு ஊழியர்கள், விண்ணப்பதாரர்கள் உள்ளிட்ட 2.15 கோடிப் பேரின் பின்னணி விசாரணைக் கோப்புகள் திருடுபோனது 2015-இல் வெளியில் வந்தது. உளவுத்துறைத் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பர், சீனர்களின் திறமைக்கு ஒருவகையில் சலாம் போடத்தான் வேண்டும் என்ற தொனியில் பேசினார். அந்தத் திருட்டைச் செய்த சீன அதிகாரி எவர் மீதும் பகிரங்க வழக்கு இல்லை. ஆனால் ஈக்விஃபேக்ஸ் என்ற கடன் தகவல் நிறுவனத்திலிருந்து சுமார் 14.5 கோடி அமெரிக்கர்களின் விவரங்களை எடுத்ததாக 2020-இல் நான்கு படை அதிகாரிகள் மீது வழக்கு வந்தது. இரண்டும் உளவுக்குப் பயன்படும் தரவுகள்தாம். ஒன்று பாராட்டையும் மற்றொன்று குற்றச்சாட்டையும் பெற்றது. ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஜாக் கோல்ட்ஸ்மித் தொடர்ந்து வைத்துவரும் விமர்சனத்தில் இந்தக் குழப்பத்துக்கும் இடமுண்டு. தண்டிக்க முடியாத வழக்குகளை அடுக்கிக்கொண்டே போவது வலிமையை அல்ல, இயலாமையையே காட்டுகிறது என்பது அவர் வாதம். இதே ஆயுதத்தை மற்றவர்களும் எடுப்பார்கள் என்ற எச்சரிக்கையும் பலித்தது. 2025 ஏப்ரலில் ஹார்பின் நகரக் காவல்துறை, ஆசிய குளிர்கால விளையாட்டுப் போட்டியின் கணினிகளைத் தாக்கியதாக அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் ஆட்கள் என்று மூன்று பேரைப் பெயர் சொல்லி, தகவல் தருவோருக்குப் பரிசும் அறிவித்தது.

2024 பிப்ரவரியில் கசிந்த ஐ-சூன் நிறுவனத்தின் ஆவணங்கள், குற்றம்சாட்டப்படுவோரின் உலகத்தை உள்ளிருந்து காட்டுகின்றன. சீன அரசுத் துறைகளுக்கு ஹேக்கிங்கை ஒப்பந்தத்துக்குச் செய்துதரும் இந்த நிறுவனத்தின் பட்டியல்களில், இந்தியாவின் குடிநுழைவுத் தரவு 95.2 ஜிகாபைட் என்று ஒரு வரி இருக்கிறது. இதே தொழிலில் இருந்த செங்டு 404 என்ற நிறுவனத்தோடு ஐ-சூனுக்கு வணிக உறவும் இருந்தது. செங்டு 404-இன் ஆட்கள் மீது அமெரிக்கா 2020 செப்டம்பரிலேயே குற்றம் சாட்டியிருந்தது. மூன்று ஆண்டு கழித்து, 2023-இல், ஒரு மென்பொருள் ஒப்பந்தத் தகராறில் செங்டு 404, ஐ-சூன் மீது செங்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. எஃப்பிஐ தேடும் நிறுவனம் தன் ஊரில் கடை திறந்து, ஒப்பந்தம் எழுதி, தகராறு வந்தால் நீதிமன்றமும் போய்க்கொண்டிருந்தது. தடுப்பு எந்த அளவுக்கு வேலை செய்தது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவைப்படவில்லை. ஐ-சூன் ஊழியர் எட்டுப் பேர் மீதும் 2025 மார்ச்சில் குற்றப்பத்திரிகை வந்தது.

பிறகு ஏன் இந்த வழக்குகள் வேண்டும் என்கிறேன்? ஏனென்றால் இவை வந்திராவிட்டால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க முடியாது. வெஸ்டிங்ஹவுஸின் குழாய்களும், மதிய உணவு நேரத்தில் இறங்கும் கோடும், பார்க்கின் மின்னஞ்சல் கணக்குகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த விதமும் உளவுத்துறைக் கோப்புகளில் பூட்டியே கிடந்திருக்கும். உளவுத்துறை சொன்னால் நம்பு, இல்லாவிட்டால் விடு என்ற நிலைதான். குற்றப்பத்திரிகைக்கு வேறு கட்டாயம் உண்டு. என்றாவது ஒருநாள் நீதிமன்றத்தில் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்க வேண்டியிருக்கலாம் என்ற கணக்கில் அது தயாராகிறது. தேதி, கணக்கின் பெயர், திருடிய கோப்பு, பாதிக்கப்பட்டவர் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மற்ற நாடுகள் தம் தடைகளுக்கும் வழக்குகளுக்கும் பிடிமானமாகக் கொள்ள இப்படியொரு பகிரங்க ஆவணம் உதவுகிறது. 2020 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் முதன்முறையாக இணையத் தாக்குதலுக்காகத் தடை விதித்தபோது அதன் பட்டியலில் இருந்தவை நாட்பெட்யா, வான்னாக்ரை, நெதர்லாந்தில் ரசாயன ஆயுதத் தடுப்பு அமைப்பைக் குறிவைத்த ஜிஆர்யூ குழு என்று அமெரிக்கக் குற்றப்பத்திரிகைகளில் வந்த அல்லது வரவிருந்த அதே நிகழ்வுகள். பென்சில்வேனியாவில் கணினி அணைந்துபோன மருத்துவமனையின் நோயாளிக்கும், மின்னஞ்சல் களவுபோன தொழிற்சங்கத்துக்காரருக்கும் தமக்கு இதைச் செய்தது யார் என்று அறியும் உரிமை இருக்கிறது. அந்த உரிமையை நான் சிறிதாக நினைக்கவில்லை.

நமக்கு அப்படி ஓர் ஆவணம் வாய்க்கவில்லை. பார்க் மீதான வழக்கு வெளியாகி ஏறக்குறைய ஓராண்டில், 2019 செப்டம்பர் 4 அன்று, இந்திய அணுமின் கழகத்தின் கணினியில் மால்வேர் இருப்பதாக மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் தெரிவித்தது. இடம் கூடங்குளம். செய்தி சமூக ஊடகத்தில் வெளிவந்தது அக்டோபர் இறுதியில். அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்புகள் வெளி வலையமைப்போடு இணைக்கப்படாதவை, இணையத் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று அக்டோபர் 29 அன்று நிலையத்தின் அறிக்கை வந்தது. மறுநாளே, மால்வேர் இருந்தது உண்மைதான், ஆனால் நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு இணைந்த கணினி ஒன்றில்தான் என்று அணுமின் கழகத்தின் அறிக்கை வந்தது. அந்த மால்வேர் டிட்ராக் வகை என்றும், பார்க்கின் கூட்டத்தோடு இணைத்துப் பேசப்படும் லாசரஸ் குழுவினுடையது என்றும் சொன்னவர்கள் தனியார் பாதுகாப்பு ஆய்வாளர்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66எஃப் பிரிவு இணையப் பயங்கரவாதத்துக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் தருகிறது. இந்தியாவில் உள்ள கணினியைத் தொட்ட எவரும், எந்த நாட்டில் இருந்தாலும், இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்கிறது 75-ஆம் பிரிவு. கூடங்குளத்தில் நுழைந்தவர்கள் யார், எந்தக் கோப்புகளை எடுத்தார்கள், எத்தனை நாள் உள்ளே இருந்தார்கள் என்பவற்றைப் பெயரோடும் தேதியோடும் ஒரு நீதிமன்றத்தின் முன் வைத்தால் பியோங்யாங் அடுத்த முறை தயங்கும் என்று நான் நம்பவில்லை. இடிந்தகரையிலும் கூத்தங்குழியிலும் அந்த உலைகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் படித்துப் பார்ப்பதற்காகவாவது அதை வைக்க வேண்டும். இன்றுவரை அவர்கள் கையில் இருப்பவை, 24 மணி நேர இடைவெளியில் ஒன்றையொன்று மறுத்த இரண்டு பத்திரிகைக் குறிப்புகள்.